சுன்-ஆ ஜுன்: கொரிய மொழியின் சுருதியை அளந்தவர்

கேள்வி இதுதான். கொரிய மொழியியலாளர் சுன்-ஆ ஜுன் ஒலியியலில் அப்படி என்ன செய்திருக்கிறார்? தமிழ் மொழியியல் படிக்கிற ஒருவர் அவரை ஏன் படிக்க வேண்டும்? கேட்டவர் முதுகலை மாணவர். கொரியனும் தமிழும் உறவுமொழிகள் என்கிறார்களே, இவருடைய ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தொடர்பு இல்லை. கொரியனிலும் அப்பா 'அப்பா'தான், அம்மா 'ஒம்மா'தான் என்று காட்டி இரண்டும் ஒரே குடும்பம் என்பார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தை முதலில் சொல்லும் ஒலிகளை வைத்து மொழிக்குடும்பம் கட்ட முடியாது. ஆனால் இரண்டு மொழிகளுக்கும் இடையே உண்மையாகவே உட்கார்ந்து கவனிக்க வேண்டிய ஒற்றுமை ஒன்று உண்டு. அது பேசும்போது சுருதி ஏறி இறங்கும் விதத்தில் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எந்த மொழியிலும் ஒரே முறையில் எழுதிக்காட்ட வழி செய்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் ஜுன். தமிழ் மாணவர் அவரைப் படிக்க வேண்டிய காரணம் அங்கேதான்.

அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று புரிய, கொரிய ஒலியியலில் அவருக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஒரு தகராறைச் சொல்ல வேண்டும்.

கொரியனில் சொல்லின் முதலில் வரும் பகரத்தில் மூன்று வகை உண்டு. நெருப்பு, புல், கொம்பு ஆகியவற்றுக்கான மூன்று கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றுமே 'புல்' என்றுதான் வரும். கொரியரின் காதுக்கு மூன்றும் வேறு வேறு சொற்கள். நெருப்பில் பகரம் தளர்வாக, கொஞ்சம் மூச்சோடு வரும். புல்லில் பலத்த மூச்சு. கொம்பில் மூச்சே இல்லாமல் தொண்டையை இறுக்கிச் சொல்ல வேண்டும். ககரம், தகரம், சகரத்துக்கும் இதே கதைதான். இந்தியில் பல வகைப் பகரம் இருக்கிறதே, அதுபோலத்தானே என்று தோன்றும். இந்தியில் அவற்றில் சில குரல் அதிர்வோடு தொடங்கும். கொரியனில் சொல்முதலில் மூன்றுமே அதிர்வில்லாமல் தொடங்கும். மூன்றையும் அதிர்வில்லாமலே பிரித்துக் காட்டும் மொழிகள் உலகில் மிகவும் அபூர்வம்.

1964-இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பதினொரு மொழிகளின் வெடிப்பொலிகளை, அதாவது ககரம், தகரம், பகரம் போன்றவற்றை, அளந்தார்கள். வாய் திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே எத்தனை மில்லி வினாடி என்பதே அளவு. அந்தப் பதினொன்றில் தமிழும் உண்டு, கொரியனும் உண்டு. இந்த ஒரே ஓர் அளவு பெரும்பாலான மொழிகளை அழகாகப் பிரித்துக் காட்டியது. கொரியனில் சிக்கியது. ககர வரிசையில் இறுக்கமான ஒலிக்குச் சராசரி 19, தளர்வானதற்கு 47, மூச்சொலிக்கு 126 மில்லி வினாடி. சராசரியைப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உச்சரிப்பாக எடுத்துப் பார்த்தால் இறுக்கமானதும் தளர்வானதும் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று நுழைந்துவிடுகின்றன. அப்படியானால் கொரியர் காது எதைப் பிடித்துப் பிரிக்கிறது?

இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கையில் எடுத்தவர் சின்-வூ கிம். கொரியர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பீட்டர் லாடிஃபோகெட்டிடம் 1966-இல் முனைவர் பட்டம் முடித்து, பிறகு இலினாய் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். நேர இடைவெளி மட்டும் போதாது, இறுக்கம் என்பதைத் தனிக் கூறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1965-இல் எழுதினார். 1970-இல் பேசுபவரின் தொண்டையை எக்ஸ்ரேயில் ஓடும் படமாக எடுத்த சான்றை வைத்து, வாய் திறக்கும் கணத்தில் குரல்வளையின் இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு மூச்சு வரும் என்று காட்டினார். வெறும் பத்துப் பக்கக் கட்டுரை. மூச்சொலி என்றால் என்ன என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். 1974-இல் காகாயா என்ற ஜப்பானியர் மூக்கு வழியாக மெல்லிய ஒளியிழைக் குழாயை இறக்கி, குரல்வளை எப்படித் திறக்கிறது என்று நேரடியாகவே பார்த்தார்.

இதற்கிடையில் 1970-இல் மீகோ ஹானும் வைட்ஸ்மனும் ஒரு குறிப்பைத் தந்திருந்தார்கள். தளர்வான ஒலிக்குப் பின்வரும் உயிர் தாழ்ந்த சுருதியில் தொடங்குகிறது. மற்ற இரண்டுக்கும் பின்வரும் உயிர் உயர்ந்த சுருதியில் தொடங்குகிறது. அந்தச் சுருதிதான் ஜுன் பிடித்துக்கொண்ட நூல்.

ஜுன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆசிரியர் மேரி பெக்மன் ஜப்பானிய, ஆங்கிலச் சுருதி அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அதற்கு முன்பு 1980-இல் ஜேனட் பியர்ஹம்பர்ட், ஆங்கிலத்தின் சுருதி வளைவுகள் அத்தனையையும் உயர்வு, தாழ்வு என்ற இரண்டே குறிகளின் சேர்க்கையாக எழுதிவிடலாம் என்று காட்டியிருந்தார். பெக்மனும் அவரும் சேர்ந்து ஜப்பானியத்துக்கும் அதைச் செய்தார்கள். கொரியனுக்கு அதைச் செய்தது ஜுனின் ஆய்வேடு.

அதில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அவருடைய மற்ற வேலைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

சியோல் பேச்சில் ஒரு வாக்கியம் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். ஒரு துண்டில் ஒரு சொல் இருக்கலாம், இரண்டு மூன்றும் இருக்கலாம். ஜுன் இதை ஆக்சென்ச்சுவல் ஃப்ரேஸ் என்கிறார். நாம் சுருதித்துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அச்சு உண்டு: தாழ்வு, உயர்வு, தாழ்வு, உயர்வு. துண்டில் நான்கு அசை இருந்தால் நான்கும் தெளிவாகக் கேட்கும். குறைவாக இருந்தால் நடுவில் இருப்பவை அமுங்கிப்போகும். துண்டின் முதல் ஒலி மூச்சொலியாகவோ இறுக்கமான ஒலியாகவோ, அல்லது ஸகர ஹகரமாகவோ இருந்தால் முதல் தாழ்வு உயர்வாக மாறிவிடும்: உயர்வு, உயர்வு, தாழ்வு, உயர்வு. சியோல் பேச்சுக்கு இவ்வளவுதான் விதி. தென்மேற்கில் உள்ள சொல்லா வட்டாரத்துப் பேச்சையும் அவர் அளந்தார். அங்கே அச்சு வேறு. தாழ்வு, உயர்வு, தாழ்வு என்று இறங்கி முடியும். முதல் ஒலியின் தன்மை முதல் சுருதியை மாற்றுவது மட்டும் இரண்டிலும் பொது.

இந்தத் துண்டுகள் கற்பனை இல்லை என்பதற்கு அவர் காட்டிய சான்று தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். கொரியனின் தளர்வான ககரம், தகரம், பகரம் எல்லாம் உயிர்களுக்கு நடுவில் வந்தால் குரல் அதிர்வு பெறும். தமிழிலும் 'பல்'லில் உள்ள பகரம் 'கம்பி'யில் வேறாக ஒலிக்கிறது, 'கடல்' ககரம் 'தங்கம்' என்பதில் வேறாக ஒலிக்கிறது, எழுத்து மட்டும் ஒன்றுதான். கால்டுவெல் இதைத் திராவிட மொழிகளின் தனிப்பண்பாக எடுத்துச் சொன்னார். கொரியனிலும் ஓர் எழுத்து, இரண்டு ஒலி. கேள்வி என்னவென்றால், இந்த மாற்றம் எந்த எல்லைக்குள் நடக்கிறது?

கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஒரு வாக்கியம் உண்டு. சொல் இடைவெளியை எங்கே விடுகிறோம் என்பதைப் பொறுத்து 'அப்பா அறைக்குள் போகிறார்' என்றும் வரும், 'அப்பா பைக்குள் போகிறார்' என்றும் வரும். 'அபொஜிகா' என்றால் 'அப்பா' என்ற எழுவாய். 'பங்' அறை. 'கபங்' பை. அபொஜிகா என்று ஒரு துண்டாகச் சொல்லிவிட்டு அடுத்த துண்டைத் தொடங்கினால், ககரம் துண்டின் நடுவில் இருப்பதால் தங்கத்தின் ககரம்போல அதிரும், பங் துண்டின் தொடக்கமாதலால் அதன் பகரம் பல்லின் பகரம்போல அதிராமல் நிற்கும். அபொஜி என்று நிறுத்தி, கபங் என்று தொடங்கினால் தலைகீழ். ககரம் கடல் ககரம், பகரம் கம்பிப் பகரம். அறையா பையா என்பதைச் சுருதி மட்டும் காட்டுவதில்லை, மெய்யொலியே காட்டிக்கொடுக்கிறது. சுருதி எங்கே புதிதாகத் தொடங்குகிறதோ அங்கேதான் மெய்யும் அதிர்வை இழக்கிறது. இரண்டும் ஒரே எல்லையில் நடக்கின்றன.

தமிழில் பெரும்பாலும் சொல் எல்லையே இதற்குப் போதும். 'தம்பி படம்' என்று எவ்வளவு சேர்த்துச் சொன்னாலும் படத்தின் பகரம் பொதுவாகக் கம்பிப் பகரமாக மாறுவதில்லை. கொரியனில் சொல் எல்லை அந்தக் காவலைச் செய்யாது, துண்டின் எல்லைதான் செய்யும். இரண்டு மொழியையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இந்த முடிவு அன்றைக்கு ஏன் பெரிய விஷயமாக இருந்தது? அப்போது செல்வாக்கோடு இருந்த கொள்கை வேறு மாதிரி. வாக்கியத்தின் இலக்கண அமைப்பிலிருந்தே பேச்சின் துண்டுகளைக் கணித்துவிடலாம், பெயர்த்தொடர் ஒரு துண்டு, வினைத்தொடர் ஒரு துண்டு என்கிற மாதிரி. கொரிய மெய்கள் அதிர்வு பெறுவதையும் அந்த வழியில்தான் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஜுன் ஒரே வாக்கியத்தை வேகமாகவும் மெதுவாகவும் சொல்லவைத்தார். ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவைத்தார். நீளமான சொற்களையும் குட்டிச் சொற்களையும் மாற்றிப் போட்டார். இலக்கணம் மாறவில்லை, துண்டுகள் மாறின, கூடவே மெய்களும் மாறின. அப்படியானால் எல்லையைத் தீர்மானிப்பது இலக்கணம் மட்டுமில்லை என்று ஆகிறது. இலக்கணத்துக்கு அதில் பங்கு உண்டு, முழு அதிகாரம் இல்லை. அதோடு, அதிர்வு என்பது இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பிரியாமல் சில இடங்களில் பாதியளவு வருவதையும் அவர் பதிவுசெய்தார். குரல்வளை திறக்கும் அசைவு துண்டின் நடுவில் சிறுத்துப்போவதால் வரும் விளைவு அது என்பது அவர் விளக்கம். எழுதிவைத்த விதியைவிட உடலின் அசைவை நம்பிய விளக்கம் இது. எனக்கு அவருடைய ஆய்வேட்டில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஆய்வேடு 1996-இல் புத்தகமாக வந்தது. அதற்குள் அவர் லாஸ் ஏஞ்சலஸுக்கு, சின்-வூ கிம் படித்த அதே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பிறகு அவருடைய பணிக்காலம் அங்கேதான்.

அடுத்து அவர் செய்தது பொறுமையான அடிப்படை வேலை. கொரியப் பேச்சைக் கேட்டு, எங்கே துண்டு முடிகிறது, எந்தச் சுருதியில் முடிகிறது என்று குறிப்பதற்கு ஒரு குறிமுறையை வகுத்தார். கே-டோபி என்று பெயர். ஆங்கிலத்துக்கு 1992-இல் வந்த டோபி முறையின் கொரிய வடிவம். 2000-இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. வாக்கியத் துண்டின் கடைசியில் வரக்கூடிய சுருதி முடிவுகள் மட்டும் அதில் ஒன்பது. கேள்வியா, கெஞ்சலா, எரிச்சலா, வற்புறுத்தலா என்பதெல்லாம் கொரியனில் பெரும்பாலும் இந்தக் கடைசி அசையில்தான் தெரியும். குரல் செயலிகளுக்குக் கொரியன் பேசக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு இப்படிக் குறித்த பதிவுகள் எவ்வளவு தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பிரெஞ்சு. செசில் ஃபூஜெரோன் என்ற பிரெஞ்சு ஒலியியலாளரோடு சேர்ந்து பிரெஞ்சின் சுருதியை அளந்தபோது, அங்கேயும் துண்டுக்கான அடிப்படை அச்சு தாழ்வு, உயர்வு, தாழ்வு, உயர்வு என்றே வந்தது. மொழிக்குடும்பம் வேறு, கண்டம் வேறு, வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. கொரியனும் தமிழும் சுருதியில் ஒத்துப்போவதைப் பார்த்ததும் உறவு என்று குதிப்பவர்கள் இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சுருதி அமைப்பு ஒத்துப்போக உறவு தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன மூன்று பகரத் தகராறுக்கும் அவர் திரும்பி வந்தார். 2002-இல் தெஹோங் சோ, லாடிஃபோகெட் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை இந்தத் துறையில் இருப்பவர்கள் தவறாமல் படிப்பது. சியோல், ஜேஜு தீவு இரண்டு இடத்துப் பேச்சாளர்களையும் எடுத்துக்கொண்டார்கள். முகமூடி வைத்துக் காற்றோட்டத்தை அளந்தார்கள், வாய்க்குள் மெல்லிய குழாய் வைத்துக் காற்றழுத்தத்தை அளந்தார்கள், பின்வரும் உயிர் எவ்வளவு மூச்சுக்கலப்போடு தொடங்குகிறது என்று பார்த்தார்கள். நேர இடைவெளி, சுருதி, குரலின் தரம், காற்றழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் மூன்றும் பிரிகின்றன என்பது முடிவு. தெஹோங் சோ அதே பல்கலைக்கழகத்தில் 2001-இல் முனைவரானவர். பிறகு சியோலில் ஹான்யாங் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தி, ஒலியியலின் முதன்மையான சர்வதேச ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் ஆனார். லாடிஃபோகெட்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நீலகிரியின் தோடா மொழி ஒலிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர் அவர். 2006-இல் இந்தியாவில் கள ஆய்வு முடித்து ஊர் திரும்பும் வழியில் லண்டனில் இறந்துபோனார்.

அந்த மூன்று பகரங்கள் இப்போது இளைய தலைமுறை வாயில் மாறிவிட்டன. டேவிட் சில்வா 2006-இல் எழுதினார், யூன்ஜுங் காங் 2014-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வயதுவாரியாகப் பார்த்தார். இளைய சியோல்வாசிகளின் பேச்சில் தளர்வான ஒலிக்கும் மூச்சொலிக்கும் இடையே இருந்த நேர வேறுபாடு கரைந்துகொண்டே போகிறது. நெருப்பையும் புல்லையும் பிரிப்பது இப்போது முக்கியமாகச் சுருதிதான். இந்த மாற்றத்தில் பெண்கள் முன்னால் போகிறார்கள், ஆண்கள் பின்னால் வருகிறார்கள். கொரியன் சீனம்போல, சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும் தொனி மொழியாகிறதா என்ற விவாதம் இதனால்தான் எழுந்தது. துண்டின் முதல் ஒலி சுருதியைத் தீர்மானிக்கிறது என்று ஜுன் 1993-இல் எழுதிய விதி இல்லாமல் இந்த விவாதத்தைத் தொடங்கவே முடியாது.

தன் விதிக்கு விலக்கு வந்தபோது அவரே அதை எடுத்து ஆராய்ந்தது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்கிய விஷயம். கொரியனில் 'இல்' என்றால் ஒன்று. நாள் என்றும் பொருள், வேலை என்றும் பொருள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்பதால் விதிப்படி தாழ்ந்த சுருதியில் தொடங்க வேண்டும். ஆனால் இளைஞர்கள் 'ஒன்று' என்ற பொருளில் சொல்லும்போது உயர்ந்த சுருதியில் தொடங்குகிறார்கள். நாளுக்கும் வேலைக்கும் அந்த அளவு இல்லை. ஜிஹியோன் சாவுடன் சேர்ந்து 2015-இல் இதை ஆய்விதழில் வெளியிட்டார். விதியை எழுதி இருபது ஆண்டுகள் கழித்து, ஒரே ஒரு அசைக்காக உட்கார்ந்து அளந்திருக்கிறார்.

வாய்விட்டுப் பேசாதபோதும் சுருதி வேலை செய்கிறதா என்பதிலும் அவருக்கு ஆர்வம். தமிழிலேயே உதாரணம் சொல்லலாம். 'மாடியில் நின்ற நடிகையின் வேலைக்காரி' என்று எழுதினால் மாடியில் நின்றது யார்? நடிகையா, வேலைக்காரியா? 'நின்ற' என்ற சொல்லுக்குப் பின் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் வேலைக்காரி பக்கம் சாய்கிறோம். 'மாடியில் நின்ற நடிகையின்' என்று ஒரே மூச்சில் சொன்னால் நடிகை. கொரியனிலும் சொற்கள் இதே வரிசையில்தான் வரும். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இதே மாதிரித் தொடரை வாசகர்கள் வேறு வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது 1988-இலிருந்து பேசப்பட்ட விஷயம். ஏன் என்பதற்கு ஜேனட் ஃபோடர் சொன்ன கருத்து: மௌனமாகப் படிக்கும்போதும் மனதுக்குள் ஒரு சுருதி ஓடுகிறது, மொழிக்கு மொழி அது வேறுபடுகிறது, அதுதான் பொருளைச் சாய்க்கிறது. ஜுன் கொரியன், ஜப்பானியம், பாரசீகம், கிரேக்கம், ஸ்பானியம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்ற ஏழு மொழிக்காரர்களைப் படிக்கவைத்து, அவர்கள் எங்கே துண்டு போடுகிறார்கள் என்று 2003-இல் ஒப்பிட்டார். அந்த முடிவுகள் ஃபோடரின் கருத்துக்கு ஆதரவாக வந்தன. தமிழில் யாராவது இதை நன்றாகச் செய்தால் மிக நல்ல ஆய்வாக இருக்கும்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொரு ஆய்வு. டெரி ஆவ், லியா நைட்லி, ஜேனட் ஓ, ஜுன் ஆகிய நால்வரும் சேர்ந்து செய்தது. வீட்டில் ஸ்பானியத்தைக் காதால் கேட்டே வளர்ந்து, ஆனால் பேசாமல் விட்டுவிட்டவர்கள், பிறகு கல்லூரியில் அதைப் பாடமாக எடுக்கும்போது என்ன நடக்கிறது? 2002-இல் வந்த முடிவு: அவர்களுடைய உச்சரிப்பு, புதிதாகக் கற்பவர்களைவிடத் தாய்மொழிக்காரர்களுக்கு நெருக்கமாக இருந்தது. இலக்கணத்தில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு இதையே கொரியனில் பார்த்தார்கள். சின்ன வயதில் சில ஆண்டுகள் கொரியன் பேசிவிட்டு விட்டவர்கள் ஒரு பிரிவு, கேட்டதோடு நின்றவர்கள் இன்னொரு பிரிவு, புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றாவது. கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில் நன்மை இருந்தது. பேசி வளர்ந்தவர்களுக்குக் கேட்பதிலும் சொல்வதிலும் இருந்தது. 'பிள்ளைக்குப் புரியும், பேசமாட்டான்' என்று டொரண்டோவிலும் லண்டனிலும் சொல்லும் பெற்றோர் மனம் தளர வேண்டாம் என்பதற்கு இது அளந்து சொன்ன ஆதாரம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே இருங்கள். பிள்ளை நாலு வார்த்தை திருப்பிப் பேசினால் அதற்கான பலன் இன்னும் கூடுதல்.

இத்தனையும் செய்தவரை உலகம் அதிகம் அறிந்திருப்பது தொகுப்பாசிரியராகத்தான். ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக 2005-இலும் 2014-இலும் வந்த இரண்டு பெரிய தொகுப்புகள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மொழியின் சுருதி அமைப்பு, எல்லாரும் ஒரே கொள்கைச் சட்டகத்தில் எழுத வேண்டும். முதல் தொகுப்பில் கிரேக்கம், ஜெர்மன், மாண்டரின், காண்டனீஸ், அமெரிக்கப் பழங்குடிகளின் சிக்கசா போன்றவை. இரண்டாவதில் ஜார்ஜியன், மங்கோலியன், கிரீன்லாந்து மொழி, வங்காளம், அப்புறம் தமிழ். தமிழ் அத்தியாயத்தை எழுதியவர் எலினர் கீன். தமிழ் ஒலியியலைப் பற்றிக் கவனமாக எழுதியிருக்கும் ஆங்கிலேயர். சாதாரணமான ஒரு தமிழ் வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் சுருதி தாழ்வில் தொடங்கி மேலே ஏறுகிறது. அடுத்த சொல் மறுபடி தாழ்வு, மறுபடி ஏற்றம். கடைசிச் சொல்லில் மட்டும் இறங்கி முடிகிறது. 'அண்ணன் நேத்து மதுரையில மாமாவைப் பாத்தான்' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அண்ணன், நேத்து, மதுரையில, மாமாவை என ஒவ்வொன்றும் ஒரு சிறு ஏற்றம். 'பாத்தான்' இறக்கம். வங்காளத்தைப் பற்றி அதே தொகுப்பில் சமீர் கான் எழுதியதும் ஏறக்குறைய இதே மாதிரி. கொரியனுக்காக ஜுன் வகுத்த சுருதித்துண்டு என்ற கருத்து தமிழுக்கு அப்படியே பொருந்தி நிற்பதை இங்கே பார்க்கலாம்.

அந்த இரண்டாம் தொகுப்பின் முடிவில் ஜுன் எழுதிய அத்தியாயம் ஒரு புதிய அளவுகோலை முன்வைக்கிறது. பெருந்தாளம் என்று தமிழில் சொல்லலாம். ஒரு வாக்கியத்துக்குள் சுருதி எவ்வளவு சீராக, எவ்வளவு அடிக்கடி ஏறி இறங்குகிறது என்பதை வைத்து மொழிகளை வரிசைப்படுத்துவது. ஒவ்வொரு சொல்லிலும் ஒழுங்காக ஏறி இறங்கும் மொழிகள் ஒரு முனை, எப்போதாவது ஏறுகிறவை மறு முனை. சொல்லழுத்தம் உண்டா, தொனி உண்டா என்ற பழைய வகைப்பாட்டில் கொரியனும் தமிழும் சரியான இடமில்லாமல் தவித்தன. தமிழில் சொல்லழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று எத்தனை வருடமாகச் சண்டை. அந்தச் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, சுருதி எங்கே ஏறுகிறது என்று முதலில் அளந்து பாருங்கள் என்று சொல்கிற வகைப்பாடு நமக்கு மிகவும் உபயோகமானது.

மாணவருக்கு வழி சொல்ல வேண்டுமென்றால், முதலில் கீனின் தமிழ் அத்தியாயத்தைப் படிக்கலாம். தெரிந்த மொழி என்பதால் குறிகள் சீக்கிரம் பழகும். அடுத்து 2005 தொகுப்பில் ஜுன் எழுதிய கொரிய அத்தியாயம். ஆய்வேட்டுக்கு அதன்பின் போகலாம். கையோடு பிராட் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய இலவச மென்பொருள். ஜுன், சோ, கீன் மாதிரி ஆய்வாளர்கள் புழங்கும் கருவி அதுதான். பாட்டி சொல்லும் ஒரு கதையைப் போனில் பதிவுசெய்து அதில் திறந்தால் சுருதிக் கோடு நீல நிறத்தில் தெரியும். நெல்லைப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் கொங்குப் பேச்சையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். 'இழுத்துப் பேசுகிறார்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில், எந்த அசை, எத்தனை ஹெர்ட்ஸ், எங்கே துண்டு என்று எழுத ஆரம்பிக்கலாம். சொல்லா வட்டாரத்துக்கும் சியோலுக்கும் ஜுன் 1993-இல் செய்தது அதுதான். அளவு எடுக்கும்போது குறைந்தது நாலைந்து பேரையாவது பேசவையுங்கள், ஆண் பெண் இருவரையும், வயது வித்தியாசத்தோடு. சியோலின் பகர மாற்றம் பாட்டிகளையும் பேத்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரியவந்தது.